வெற்றிடமும் இன்மையும்

ஓலையினின்று அச்சுக்கும், அச்சினின்று கணினிக்கும் நூல்களும் பதிவேடுகளும் பெயர்த்து எழுதப்படுங்கால், எழுதப்பட்டவை வழுவின்றி வந்து சேர்ந்தனவா என்பதையே கற்றோர் ஆராய்வர். எழுதப்படாது கிடந்த இடங்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைப் பெரும்பாலும் எவரும் வினவுவதில்லை. ஓரிடம் வெறிதாய்க் கிடத்தற்குக் காரணம் ஒன்றன்று. ஆங்கு எழுதற்குரியது யாதும் இல்லாமையாற் கிடக்கலாம். எழுதற்குரியது உண்டாயினும் எழுதுவோர் அறியாமையாற் கிடக்கலாம். எழுதப்பட்டுப் பின்னர்ச் செல்லரித்தும் ஒடிந்தும் அழிந்தமையாற் கிடக்கலாம். இம்மூன்றும் கண்ணுக்கு ஒரு தன்மையவாகவே தோன்றும். ஆயினும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வோன் ஏட்டில் உள்ள எழுத்தைப் பிறழ எழுதுவோனினும் பெரிய பிழை செய்தவனாவான். எழுத்துப் பிழையைப் பின்வருவோர் கண்டு திருத்துதல் கூடும், வெற்றிடத்தின் வகை ஒருமுறை மாறிவிடின் அது மாறியது என்பதற்கே சான்று இராது. சங்க நூற் பதிப்பாசிரியர் வெற்றிடங்களைப் போற்றிய முறையையும், இக்காலத் தரவுத்தளங்கள் அவற்றை நடத்தும் முறையையும் ஒரு நிறைகோலில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை முதன்முதல் அச்சேற்றினார். நானூறு பாடல்கள் கொண்ட அத்தொகையில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைத்தில. கிடைத்தவற்றுள்ளும் பல, அடிகள் சிதைந்தும் சீர்கள் மறைந்தும் கிடந்தன. சிதைந்த அடியைத் தம் புலமையாற் செப்பமுற நிரப்பிவிடும் வன்மை அக்காலப் புலவர் பலர்க்கு இருந்தது. யாப்பறிந்தார்க்கு அகவலடி ஒன்றைப் பாடிச் சேர்த்தல் ஒரு நாழிகை வேலைதானும் அன்று. ஐயரோ அவ்விடங்களிற் புள்ளிகளை இட்டு விடுத்தார். 266ஐ அடுத்து 269 என்றே எண்ணிட்டார். இழந்த இரண்டின் எண்களை எஞ்சிய பாடல்களுக்குக் கொடுத்து வரிசையை இறுக்கி மூடினாரல்லர். அங்ஙனம் மூடியிருப்பின், 398 பாடல்கள் கொண்டதொரு நூல் குறைவற்றதுபோற் காட்சியளித்திருக்கும். இரு பாடல்கள் இழக்கப்பட்டன என்ற செய்தியும் அவற்றோடு சேர்ந்து இழக்கப்பட்டிருக்கும். அவர் இட்ட புள்ளிகள் நூலின் குறையைக் காட்டுவன என்று கருதுவோர் உளர். அவை நூலின் ஓர் உறுப்பு என்று கொள்ளுதலே பொருந்தும். இங்கு ஓர் அடி இருந்தது, அது இப்பொழுது கையில் இல்லை என்று கூறும் கூற்று, செய்யுளின் ஏனைய அடிகளைப் போலவே பொருளுடைய கூற்றாம்.

இழப்பை இழப்பென்று அறிதற்கு நூலின் அமைப்பே பலகாலும் துணைசெய்கின்றது. ஐங்குறுநூறு திணைக்கு நூறாகவும், நூறு பத்துப் பத்தாகவும் வகுக்கப்பட்டமையின், 129, 130 ஆம் பாடல்கள் இல்லாமை ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றது. பதிற்றுப்பத்து என்னும் பெயரே பத்துப் பத்துக்களை வேண்டுவதாலும், கிடைத்த பகுதி இரண்டாம் பத்து முதல் ஒன்பதாம் பத்து வரை நிற்பதாலும், முதற் பத்தும் பத்தாம் பத்தும் அழிந்தன என்பது பெறப்படும். ஒவ்வொரு பத்துக்கும் உரிய பதிகமே பாடினார் பெயரையும் பாடப்பட்டான் பெயரையும் தெரிவிப்பது. ஆதலின் பதிகத்தோடு அழிந்த அவ்விரு பத்துக்களையும் பாடினார் யாவர், பாட்டுடைத் தலைவர் யாவர் என்பனவும் அறியக்கூடவில்லை. ஆயின், அங்கே ஒரு புலவரும் ஒரு சேரமன்னனும் இருந்தனர் என்பது மட்டும் உறுதி. பெயர் தெரியாது, ஆள் உண்டு. இவ்வறிவு சிறிதன்று, வெற்றிடத்தை அப்படியே காத்தமையாற் கிடைத்த அறிவு அது.

நற்றிணையின் 234ஆம் பாடல் வேறொரு வகைக்கு எடுத்துக்காட்டாகும். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915இல் அந்நூலை வெளியிட்டபோது அப்பாடல் கிடைத்திலது. இறையனார் களவியலுரையில் மேற்கோளாக வரும் பாடல் ஒன்றே அதுவாகலாம் எனப் பின்னர்க் கருதப்பட்டு, பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் அவ்விடத்தே வைக்கப்பட்டது. சான்று காட்டி, ஐயத்தையும் உடன்காட்டி நிரப்பின் அதனைக் குறைகூறுதற்கில்லை. ஐயக்குறிப்பை விடுத்துப் பாடலை மட்டும் அச்சிடும் மலிவுப் பதிப்போ, நிரப்பப்பட்ட இடத்தைத் தொடக்கந்தொட்டே நிரம்பியிருந்த இடமாக மாற்றிவிடுகின்றது.

பாடினோர் பெயர்களில் இவ்வேறுபாடு இன்னும் நுட்பமாகத் தோன்றும். குறுந்தொகையைத் தொகுத்த பழம் புலவர்க்கே சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை போலும். அவர்கள் அவ்விடத்தை வெறிதே விட்டாரல்லர். கற்பனைப் பெயர் ஒன்றைப் புனைந்தாருமல்லர். பாடலில் அமைந்த அரிய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், குப்பைக்கோழியார் என்றும் குறித்துச் சென்றனர். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும், புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினாரும் அவ்வினத்தவர். இப்பெயர்கள் இயற்பெயர் அல்ல என்பதனை அவற்றின் உருவமே அறிவிக்கும். எவரும் குப்பைக்கோழி என்று மகனுக்குப் பெயரிடார். எனவே இவை அறியாமையை மறைக்கும் பெயர்கள் அல்ல, அறியாமையை அழகுற அறிவிக்கும் பெயர்கள். அவற்றுள்ளும் ஓரேருழவர் என்னும் பெயர் தனித்து நோக்கத்தக்கது. அப்பெயர்க்குக் காரணமான தொடர் குறுந்தொகை 131ஆம் பாடலில் உள்ளது. புறநானூறு 193ஆம் பாடலில் இல்லை. எனினும் அதனைப் பாடினாரும் ஓரேருழவரே என்று குறிக்கப்பட்டுள்ளது. இயற்பெயர் தெரியாதபோதும் இவ்விரண்டும் ஒருவர் வாக்கே என்பது தெரிந்திருந்தது என்று இதனாற் கொள்ளலாம். வெற்றிடமாக விட்டிருப்பின் அவ்வுறவு அன்றே அறுந்திருக்கும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் பதிப்பித்த கலித்தொகையை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். பாலையைப் பெருங்கடுங்கோவும், குறிஞ்சியைக் கபிலரும், மருதத்தை மருதனிளநாகனாரும், முல்லையைச் சோழன் நல்லுருத்திரனும், நெய்தலை நல்லந்துவனாரும் பாடினர் என ஒரு தனிவெண்பா கூறும். பிள்ளையவர்களோ நூல் முழுவதும் நல்லந்துவனார் இயற்றியதென்னும் கொள்கையினர். இரண்டனுள் எது சரி என்பது இங்கு வினாவன்று. அறிஞர் அதுபற்றி இன்னும் வழக்காடுவர். ஒவ்வொரு பாடலின் தலையிலும் ஆசிரியர் பெயருக்குரிய இடம் வெறிதாய் இருந்தது என்பதும், அதனை நிரப்ப வந்த இரு விடைகளுள் ஒன்றை நூலின் முகப்பிலேயே அச்சிட்டமையாற் பின்வந்தோர் நெடுங்காலம் அதனை நூலே கூறிய செய்தியாகக் கொள்ளுதற்கு இடம் உண்டாயிற்று என்பதுமே கருதத்தக்கன. கையிலெடுத்த மாத்திரத்தே இதழ் ஒடியும் ஏடுகளோடு போராடித் தமிழுக்கு அந்நூலை மீட்டுத் தந்தவர் அவர். அப்பெருமைக்கு இதனால் இழுக்கில்லை. பதிப்புமுறைக்கு மட்டும் இதனை ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

இனி ஏட்டெழுத்தின் இயல்பை நோக்குவாம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், குற்றெகரமும் குற்றொகரமும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியர் விதி. ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்றஞ்சியோ, விரைவு கருதியோ, ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளியை விடுத்தே எழுதினர். அதனால் பல் என்பதும் பல என்பதும் ஏட்டில் ஒன்றாயின. எரி என்பதும் ஏரி என்பதும் ஒன்றாயின. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவு வேறுபடாமையாற் பாலும் பரலும் ஒன்றாயின. எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்கும் இதனால் இடர் மிகுதியாக இருந்திலது. பாடல் நெஞ்சில் இருந்தது, ஏடு அதற்குத் துணையாக இருந்தது. இடர் விளைந்தது அச்சுக்கு மாற்றும்போதுதான். அச்சில் மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி எழுத்து உண்டு. வீரமாமுனிவர் காலத்துக்குப்பின் குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி வடிவும் உண்டு. ஆதலின் ஏடு ஒன்றாகக் காட்டிய ஒவ்வோரிடத்தும் பதிப்பாசிரியர் இரண்டனுள் ஒன்றைத் தேர்தல் இன்றியமையாததாயிற்று. தேராதிருத்தல் என்னும் வழி அவர்க்கு இல்லை. தளையும் எதுகையும் உரையாசிரியர் கொண்ட பாடமும் பல இடங்களிற் கைகொடுத்தன. சில இடங்களில் எவையும் கைகொடுத்தில. ஆங்கே அடிக்குறிப்பிற் பாடபேதம் காட்டி அமைந்தனர்.

வேறுபாடு காட்டாத ஓர் எழுதுமுறையினின்று வேறுபாடு காட்டும் ஓர் எழுதுமுறைக்கு மாறுங்கால் எழும் இவ்விடரே, சற்றும் உருமாறாது, கணினித் தரவுத்தளங்களிலும் எழுகின்றது. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கர் தரவுத்தளம் என்பதனை அட்டவணைகளின் தொகுதியாகக் கற்பர். அட்டவணையின் ஓர் அறையில் எழுத்துத்தொடர் ஒன்று இருக்கலாம். அத்தொடர் எழுத்தே இல்லாத தொடராகவும் இருக்கலாம். அது வெற்றுச் சரம் எனப்படும். அறையில் யாதொரு பெறுமானமும் இடப்படாமலும் இருக்கலாம். அந்நிலை ‘நல்’ எனப்படும். முன்னது, விடை கேட்கப்பட்டது, விடை ‘ஒன்றுமில்லை’ என்பது. பின்னது, விடையே கிடைக்கவில்லை என்பது. ஒராக்கிள் என்னும் தரவுத்தளம் வெற்றுச் சரத்தையும் நல்லாகவே கொள்ளும். போஸ்ட்கிரெஸ், மைசீக்குவெல் முதலியன இரண்டையும் வேறாகக் கொள்ளும். ஒராக்கிள் நிறுவனத்தாரின் கையேடே, இவ்விரண்டையும் ஒன்றென நம்பி நிரல் எழுதற்க, பின்னாளில் இம்முறை மாறக்கூடும் என்று எச்சரிப்பது ஒரு வேடிக்கை. ஏட்டிற் புள்ளி விட்ட கையும், ஒராக்கிளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிய கையும் ஓரினத்தனவே.

வேறுபாடு சிறிதென்று எண்ணுவோர், குறுந்தொகை நற்றிணைப் பாடல்களை அட்டவணையாக்கி வினவிப் பார்க்கலாம். நற்றிணையில் மட்டும் பாடினோர் பெயர் அறியப்படாத பாடல்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. ஆசிரியர் அறையில் நல் இருக்குமாயின், ‘கபிலர் பாடியவை எவை’ என்ற வினாவுக்கு அப்பாடல்கள் வெளிவரா. ‘கபிலர் அல்லாதார் பாடியவை எவை’ என்ற வினாவுக்கும் வெளிவரா. இரு பட்டியலையும் கூட்டினால் நூலின் தொகை குறையும். காரணம், நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையுமன்று பொய்யுமன்று, அறியப்படாதது என்பதாம். பெயர் அறியப்படாத இருவர் ஒருவரே ஆவரோ என வினவினும் விடை அதுவே. அவ்வகையில் இது நேர்மையான விடை. நல்லுக்குப் பதிலாக வெற்றுச் சரம் இருக்குமாயின், அத்தனை பாடல்களும் ‘கபிலர் அல்லாதார்’ பட்டியலில் வந்து நிற்கும். அவற்றுள் ஒன்றையேனும் கபிலர் பாடியிருத்தல் கூடும் என்ற வாயில் அடைபட்டுவிடும். ஐம்பதுக்கு மேற்பட்ட பெயரறியாப் புலவரும் ஒரே பெயரினர், அதாவது பெயரின்மை என்னும் பெயரினர், என்று கணினி எண்ணும். குப்பைக்கோழியாரைத் தந்த பழந்தொகுப்பாளர் இதனைக் கண்டால் நகுவர்.

இவையெல்லாம் ஏட்டறிஞர்க்கே உரிய கவலை என்று கருதற்க. நெல்லியடிச் சந்தியைச் சூழ்ந்த கிராமங்களின் பாடசாலைகளிலே பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டுவோர் இதனையே காண்பர். தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், பிறந்த திகதி, முன்னர்ப் பயின்ற பாடசாலை, அங்கிருந்து விலகிய பத்திரத்தின் இலக்கம் எனப் பத்திகள் ஓடும். சில அறைகளில் எழுதுவினைஞர் சிறு கோடு ஒன்றைக் கிழித்திருப்பார். அரிவரியிற் சேரும் பிள்ளைக்கு முன்பயின்ற பாடசாலை இராது என்பதே அதன் பொருள். சில அறைகளிற் கோடும் இராது, எழுத்தும் இராது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, பிறப்புச் சான்றும் விலகற் பத்திரமும் கையில் இன்றி வந்த பிள்ளைகள் மிகப் பலர். அவர்கள் வரிசையில் வெறிதாய்க் கிடக்கும் அறை ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘உண்டு, பின்னர்க் கொண்டுவரப்படும்’ என்று சொல்லி நின்றது. கோடிட்ட அறையும் கோடிடாத அறையும் அக்காலத்து எழுதுவினைஞர்க்கு வேறு வேறு. இடாப்பைக் கணினியிற் பெயர்த்தெழுதும் இளைஞர், கோட்டைப் பொருளற்ற கிறுக்கலெனக் கருதி இரண்டையும் ஒருங்கே வெறிதாக விடுவாராயின், ஆண்டுகள் கழித்துச் சான்று தேடிவரும் ஒருவர்க்கு அவர் பெயரின் எதிரே இருந்த வாக்குறுதி அழிக்கப்பட்டதாகும்.

பெயரின் முதலெழுத்து மற்றோர் இடர். யாழ்ப்பாணத்தார்க்குக் குடும்பப்பெயர் என ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். முதலெழுத்துக்கு ஓர் அறை, பெயர்க்கு ஓர் அறை என வகுத்து, சான்றிதழ் அச்சிடும்போது இரண்டையும் ஒட்டி எழுதுமாறு நிரல் அமைத்தல் வழக்கு. முதலெழுத்து இல்லாத பிள்ளை ஒன்று இருக்குமாயின், ஒராக்கிள் அவ்வறையின் நல்லைப் பொருட்படுத்தாது பெயரை மட்டும் அச்சிடும். அதே தரவும் அதே நிரலும் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றப்படின், நல்லோடு ஒட்டப்பட்டது யாதாயினும் நல்லே ஆகும். முதலெழுத்து மட்டுமன்று, பிள்ளையின் பெயர் முழுவதுமே மறைந்து வெறுங் கோட்டின்மேற் சான்றிதழ் வெளிவரும். தந்தை பெயர் எழுதப்படாமையால் தன் பெயரும் இழக்கும் பிள்ளையின் நிலை கணினிக்குத் தெரியாது. இதனைத் தவிர்க்க, ஒட்டுதற்குமுன் நல்லாயின் வெற்றுச் சரத்தைக் கொள்க என விதிக்கும் ‘கோலெஸ்’ என்னும் செயலி உண்டு. அதனை வேண்டுமிடமெல்லாம் இடுதல் நிரலாளர் கடன். எதிர்த் திசையிலும் இடர் உண்டு. போஸ்ட்கிரெஸில் வெற்றுச் சரமாக இருந்தவை ஒராக்கிளுக்குச் சென்றவுடன் நல்லாகிவிடும். ‘வெறிதாய் இருத்தல் ஆகாது’ என்று விதிக்கப்பட்ட பத்தி அவ்வரிசையையே ஏற்க மறுக்கும். கடல் கடந்து சென்ற நம்மவர் குடும்பப்பெயர் என்னும் கட்டாயப் பத்தியின்முன் தந்தை பெயரையோ தம் பெயரையோ இருமுறையோ எழுதி நிற்பதும் இவ்விதியின் விளைவே.

புள்ளிகள் இடும் பட்டியலும் ஆசிரியர் அறியாததன்று. பரீட்சைக்குத் தோற்றிப் பூச்சியம் பெற்றவனும், காய்ச்சலாற் பரீட்சைக்கே வராதவனும் ஒருவரல்லர். வராதவன் அறை நல்லாயின் சராசரி கணிக்கும்போது கணினி அவனை விலக்கிவிடும். பூச்சியமாயின் சேர்த்துக்கொண்டு வகுப்பின் சராசரியைக் கீழே இழுக்கும். இதனை எந்த ஆசிரியரும் கணினியின்றியே அறிவர். அறிந்த அதனைப் பெயர் அறைக்கும் திகதி அறைக்கும் பொருத்தி எண்ணாமையே குறை.

உறவுநிலைத் தரவுத்தளக் கொள்கையை 1970இல் வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் கொட். 1979இல் அவரே நல்லுக்கும் மூவகை விடைத் தருக்கத்துக்கும் விளக்கம் தந்தார். ஆயினும் ஒரே குறி எல்லா இன்மைக்கும் போதாது என்பதைப் பின்னர் உணர்ந்து, 1990இல் வெளியிட்ட நூலில் இருவகைக் குறிகளை வேண்டினார்: பொருந்தும் ஆனால் கிடைக்கவில்லை என்பது ஒன்று, பொருந்தவே பொருந்தாது என்பது மற்றொன்று. வணிகத் தரவுத்தளங்கள் அதனை ஏற்றில. அவர்தம் கொள்கையை உலகிற் பரப்பிய கிறிஸ் டேட் என்பாரோ நல்லே வேண்டா என்று வாதிட்டார்.

இவ்வழக்கைக் கேட்கும் தமிழ் மாணாக்கர்க்குத் தருக்க சங்கிரகம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்மையை ஒரு பதார்த்தமாகவே கொண்ட தருக்க நூலார் அதனை நால்வகைப்படுத்தினர். குடம் வனையப்படுமுன் அதன் இன்மை முன்னின்மை. உடைந்தபின் அதன் இன்மை அழிவுபாட்டின்மை. குடம் ஆடையன்று எனும் இன்மை ஒன்றினொன்றின்மை. எக்காலத்தும் ஓரிடத்து இல்லாமை முழுதுமின்மை. சேர்வு இடாப்பிற் கோடிட்ட அறை முழுதுமின்மை. இன்னும் எழுதப்படாத அறை முன்னின்மை. புறநானூற்றின் 267 அழிவுபாட்டின்மை. கொட் வேண்டிய இரண்டினும் இவை நுண்ணியன. எனினும், தருக்க நூலாரையும் அப்படியே பின்பற்றுதல் இயலாது. அவர் வகுத்தவை பொருளின் இன்மைகள். பதிற்றுப்பத்தின் முதற் பத்தைப் பாடியவர் பெயர் இல்லாமை பொருளில் உள்ள இன்மையன்று, அறிவோரிடத்து உள்ள இன்மை. அவர்க்குப் பெயர் இருந்தது, அறிவார்தாம் இலர். இவ்விரண்டையும் ஒரே குறியால் எழுதியதே நல்லின் அடிப்படைக் குறை என்று கூறலாம். டேட் அதனை ஒழிக்க விரும்பியது மிகை. கொட் அதனைப் பிரிக்க விரும்பியதே நேர்.

இலக்கண நூலாரும் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. வேற்றுமைத் தொகையில் உருபு உண்டு, அது மறைந்து நின்றது. இரு சொற்களும் வெளித்தோற்றத்தில் உருபற்ற பெயர்களே. எனினும் தொகையை விரிக்கும் மாணாக்கன் மறைந்த உருபைக் கொணர்வான். எழுவாயில் உருபு தேடுவானல்லன். இல்லாததையும் மறைந்ததையும் பிரித்தறியும் பயிற்சி ஏழாம் வகுப்பிலேயே தரப்படுகின்றது.

அழிந்ததை ‘இல்லை’ என எழுதுவதால் வரும் கேட்டுக்கு அண்மைக்காலச் சான்று வேண்டுவோர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி பிறக்கும் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அத்தகைய ஓர் ஏட்டுக்கு இன்றைய நூற்பட்டியல் எதிலும் வரிசையே இல்லையாயின், அது ஒருகாலும் எழுதப்படாத நூலுக்கு ஒப்பாகிவிடும். வரிசை ஒன்றை அமைத்து, பெயரும் ஆசிரியரும் தெரிந்த அளவுக்கு எழுதி, இருப்பிடம் என்னும் அறையில் ‘எரிந்தது’ எனப் பதிதல் வேண்டும். 2005இற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் போன்ற முயற்சிகள் எஞ்சியவற்றைத் தொகுத்து வருகின்றன. எஞ்சாதவற்றின் பட்டியலும் அவ்வளவு அக்கறையோடு தொகுக்கப்படுதல் தகும்.

நூலுக்கு நிகழ்வது மக்களுக்கும் நிகழ்கின்றது. போரிற் காணாமற்போனோரை அரசின் பதிவேடு எவ்வாறு எழுதுவது என்ற வினா எழுந்தபோது, 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணப்படாதவர்க்கு இறப்புச் சான்றிதழ் வழங்க இடம் தந்தது. உயிருடன் இருக்கின்றார் என்பதற்குச் சான்றில்லை. ஆதலின் இறந்தார் என்று எழுதுக என்பது அதன் போக்கு. அறியாமையைக் குறிக்க வேண்டிய அறையில் ஒரு பெறுமானத்தை இட்டு நிரப்புதல் அது. ஓய்வூதியத்துக்கும் காணியுறுதிக்கும் சான்று வேண்டியிருந்தும், அதனைப் பெற மறுத்த தாய்மார் பலர். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அன்னார் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. இறந்தார் என்றும் கூறாது, இருக்கின்றார் என்றும் கூறாது, அறியப்படவில்லை என்று அரசு எழுதித் தரும் தாள் அது. அது தாய்மாரின் துயரைத் தீர்த்ததென்று எவரும் சொல்லார்; அவர்கள் வேண்டியது தாளன்று, விடை. ஆயினும், மூன்றாவது விடைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அச்சினின்று கணினிக்குப் பெயரும் சங்க நூற் பிரதிகளில் இப்பொழுது காணப்படும் ஒரு சிறு கேட்டையும் கூறுதல் வேண்டும். ஐயர் இட்ட புள்ளிகளைத் தட்டச்சு செய்யுங்கால், சில சொற்செயலிகள் அடுத்தடுத்த மூன்று புள்ளிகளைத் தாமே ஒரே குறியாகச் சுருக்கிவிடுகின்றன. ஒரு சீர் மறைந்த இடமும் இரண்டடி மறைந்த இடமும் ஓரளவினவாய்த் தோன்றுகின்றன. பின்னர் அதனைத் தேடற்பொறிக்கு ஆயத்தஞ் செய்வோர் நிறுத்தக்குறிகளையெல்லாம் களையும்போது அக்குறியும் களையப்படுகின்றது. இரு துண்டாய்க் கிடந்த அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் புதியதோர் அடி பிறக்கின்றது. நாற்சீர் அடியில் இரு சீர் நிற்பக் கண்டு குறை உணரும் யாப்பறிவு தேடற்பொறிக்கு இல்லை.

நெல்லியடிப் பாடசாலைகளின் பழைய இடாப்புகள் கணினிக்குப் பெயர்க்கப்படும் இக்காலத்து, ஒவ்வொரு பத்தியின் அருகும் மற்றொரு சிறு பத்தி அமைத்தல் கடினமான வேலையன்று. அதில் ஓர் எழுத்தே போதும்: கோடிட்டிருந்தது என்பதற்கு ஒன்று, வெறிதாய் இருந்தது என்பதற்கு ஒன்று, எழுதியிருந்து மை பரவியோ தாள் கிழிந்தோ வாசிக்கக்கூடவில்லை என்பதற்கு ஒன்று. தேராமலிருக்கும் உரிமையை ஏட்டுப் பதிப்பாசிரியர்க்கு அச்செழுத்து வழங்கியதில்லை. இவ்வொரு பத்தி அதனை எழுதுவினைஞர்க்கு வழங்கும். பெயர்த்தெழுதி முடிந்தபின் இடாப்பை எடைக்குப் போடாது வைத்தலும் வேண்டும். 1995ஆம் ஆண்டின் வரிசைகளில் வெறிதாய் விடப்பட்ட அறைகளின் ஓரத்தே, பென்சிலால், ‘பின்னர்’ என்று எழுதப்பட்டிருத்தல் கூடும். பென்சிலெழுத்தைக் கணினியிற் பெயர்க்க எவரும் நினையார்.